விண்டோஸ் 10-ல கெடக்க எக்ஸ்-பிளேனை ஆட்-ஆனோட சேத்து லினக்ஸுக்குக் கொண்டுபோறது எப்படி

"அண்ணே, விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சுன்னு வருது, 11 போடலாம்னு பாத்தா இந்த சிஸ்டம் ஒத்துக்கிடாதுங்குது, அப்போ நம்ம எக்ஸ்-பிளேன் என்ன ஆவும்?"

தக்கலையில இருக்க சித்தி மவன் ஃபோன் போட்டு கேட்டது இது. எக்ஸ்-பிளேன்ங்கறது கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டிப் பாக்குற ஃப்ளைட் சிமுலேட்டர், ஆட்-ஆன்னா அதுல நாம தனியா சேத்துக்கிடுற பிளேன், சீனரி, ப்ளகின் எல்லாம். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமா வந்துக்கிட்டிருந்த அப்டேட் நின்னுபோச்சு, விண்டோஸ் 11-க்கு இன்டெல்னா 8-வது ஜெனரேஷன்ல இருந்துதான் லிஸ்ட்ல இருக்கு, டிபிஎம் 2.0-ங்கற பாதுகாப்பு சிப்பு வேற வேணும். அவன்கிட்ட இருக்கது 7-வது ஜெனரேஷன் ஐ5, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1060 கார்டு. எக்ஸ்-பிளேன் 11 ஓட்ட அது தாராளமா போதும், நல்லா ஓடுற பெட்டிய தூக்கிப் போட்டு புதுசு வாங்க யாருக்கு மனசு வரும், பைசாவும் வேணுமே. நான் என் சிஸ்டத்தை ஏற்கெனவே லினக்ஸ்ல ஒரு வகையான மின்டுக்கு மாத்தியிருந்தேன், அதனால ரெண்டு ஞாயித்துக்கெழம அவன் வீட்டுக்குப் போயி உக்காந்து மாத்திக் குடுத்தேன். அதுல படிச்சதெல்லாம் சேத்து இங்க சொல்லுதேன், இதுவரைக்கும் லினக்ஸ் பக்கமே போவாதவங்களுக்கும் புரியணும்னுதான் இவ்வளவு விரிவா எழுதுதேன்.

எஃப்எஸ்எக்ஸ், அதாவது மைக்ரோசாஃப்டோட ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வச்சிருக்கவங்களுக்கு முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். அது 2006-ல வந்தது, விண்டோஸுக்கு மட்டும்னு செஞ்சது, அதோட கேஜ், அதாவது பிளேன்ல இருக்க மீட்டர், நெறைய டிஎல்எல்-ங்கற விண்டோஸ் ப்ரோகிராம் ஃபைல், அதனால லினக்ஸ் பக்கம் இழுக்காதீங்க. நீங்க விண்டோஸ் 11 போட்ட வேற சிஸ்டத்துக்குத்தான் போவணும். அங்க ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ள போடாம சி டிரைவ்ல தனியா ஒரு ஃபோல்டர்ல இன்ஸ்டால் பண்ணுங்க, இல்லன்னா பெர்மிஷன் பிரச்சனை ஓயாது. விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போயி லெகசி காம்பனென்ட்ஸுக்குள்ள டைரக்ட்ப்ளே-ய டிக் பண்ணுங்க. காசு குடுத்து வாங்கின பிளேனை எல்லாம் ஃபோல்டரா காப்பி பண்ணாம அதோட இன்ஸ்டாலரை வச்சே மறுபடி போடுங்க, ஏன்னா பாதி சங்கதி விண்டோஸோட ரெஜிஸ்ட்ரியிலயும், ஆட்-ஆனை எஃப்எஸ்எக்ஸோட இணைக்கிற சிம்கனெக்ட்லயும்தான் கெடக்கு. உங்களுக்கு இவ்வளவுதான், மீதியெல்லாம் எக்ஸ்-பிளேன்காரங்களுக்கு.

எக்ஸ்-பிளேன்ல நமக்கு ஒரு நல்லது என்னன்னா விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் அது நேரடியாவே ஓடும், வாங்கின கீயும் மூணுக்கும் அதேதான். எல்லாமே ஒரே ஃபோல்டருக்குள்ள இருக்கும், ரெஜிஸ்ட்ரி தொல்லை கிடையாது. அதனால சிமுலேட்டரை மாத்துறது ஒரு பொழுது வேலை. ஆட்-ஆன்தான் ஆளை உக்கார வைக்கும். எல்லாத்தையும் ஒட்டுக்கா அள்ளிக் கொண்டுபோயி அங்கன கொட்டிட்டு ஸ்டார்ட் பண்ணினா, திறக்காம நிக்கும்போது எதனால நிக்குதுன்னே கண்டுபிடிக்க முடியாது. எது ஏறும், எது ஏறாதுன்னு விண்டோஸ் உயிரோட இருக்கும்போதே பிரிச்சு வச்சிரணும், அப்புறம் ஒண்ணு ஒண்ணா ஏத்தணும், ஒவ்வொண்ணுக்கும் நடுவில ஒருக்கா பறந்து பாக்கணும். நான் சொல்ல வந்தது முக்கியமா இதுதான்.

முதல் வேலை ஒரு நோட்டு எடுங்க. நெசமாவே பேப்பர் நோட்டு, ஏன்னா விண்டோஸை அழிச்சப்புறம் கம்ப்யூட்டர்ல எழுதி வச்ச குறிப்பு எங்க இருக்குன்னு தேடக் கூடாது. எக்ஸ்-பிளேன் ஃபோல்டரைத் திறந்தீங்கன்னா நமக்கு வேண்டியது நாலு எடம்: கஸ்டம் சீனரி, ஏர்க்ராஃப்ட், ரிசோர்சஸுக்குள்ள இருக்க ப்ளகின்ஸ், அப்புறம் அவுட்புட். இதுல இருக்க ஒவ்வொரு பேரையும் எழுதி மூணு குவியலா பிரிங்க.

ஒண்ணாவது குவியல், வெறும் படமும் வரைபடமும் மட்டும் உள்ளது. ஏர்போர்ட் சீனரி, ஆர்த்தோ (தரையில விரிக்கிற வான்வழி போட்டோ), லைப்ரரி (சீனரிக்கு வேண்டிய கட்டிடம், மரம் மாதிரி பொருள்), லிவரி (பிளேனோட பெயிண்ட்) இதெல்லாம். இது எந்த ஓஎஸ்-லயும் ஒண்ணுதான், கண்ண மூடிக்கிட்டு காப்பி பண்ணலாம்.

ரெண்டாவது குவியல்தான் நேரம் எடுக்கும், உள்ள ப்ரோகிராம் இருக்கது, அதைத்தான் ப்ளகின்னு சொல்லுவாங்க. ஒவ்வொரு ப்ளகின் ஃபோல்டரையும் திறந்து பாருங்க. பழைய ப்ளகின்னா 64-ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள வின், மேக், லின்-ன்னு பேர் போட்ட எக்ஸ்பிஎல் ஃபைல் இருக்கும். புதுசுன்னா வின் எக்ஸ்64, மேக் எக்ஸ்64, லின் எக்ஸ்64-ன்னு தனித்தனி ஃபோல்டரே இருக்கும். லின் இருந்தா ஏறும், வின் மட்டும் இருந்தா ஏறாது. இதுக்கு மேல யோசிக்காண்டாம், நோட்டுல பேருக்கு நேரா டிக்கோ எக்ஸோ போட்டுருங்க. எல்லாரும் விட்டுப்போற எடம் ஒண்ணு இருக்கு, ஏர்க்ராஃப்ட் ஃபோல்டருக்குள்ள ஒவ்வொரு பிளேனுக்கும் தனியா ஒரு ப்ளகின்ஸ் ஃபோல்டர் இருக்கலாம், பெரிய ஜெட் எல்லாத்துக்கும் இருக்கும், அதையும் இதே மாதிரி திறந்து பாருங்க. ஜிபோ 737 பிளேன்ல லினக்ஸுக்கும் உண்டு, லுவா ஸ்க்ரிப்ட் ஓட்டுற ஃப்ளைவித்லுவா உண்டு, வாட்சிம்ங்கற ஆன்லைன் நெட்வொர்க்ல பறக்கவங்களுக்கு எக்ஸ்பைலட் உண்டு, மேப் பாக்குற லிட்டில் நாவ்மேப்பும் லினக்ஸ்ல தனியா கிடைக்கும். வின் மட்டும் உள்ளதுக்கு உடனே அழாண்டாம், அதைச் செஞ்சவங்க பக்கத்தில போயி புது வெர்ஷன் இருக்கான்னு ஒருக்கா பாருங்க, சித்தி மவன்கிட்ட எக்ஸ் போட்ட ஆறுல ரெண்டுக்கு புது வெர்ஷன்ல லினக்ஸ் ஃபைல் வந்திருந்துச்சு.

மூணாவது குவியல் பூட்டு போட்டது, அதாவது சீரியல் குடுத்து ஆக்டிவேட் பண்ணின பேய்டு பிளேன். இதுல நான் பட்டது சொல்லுதேன். நான் மாத்தும்போது ஒரு பிளேனை விண்டோஸ்ல டீஆக்டிவேட் பண்ணாமலே டிரைவை ஃபார்மட் பண்ணிட்டேன், லினக்ஸ்ல போயி சீரியலைப் போட்டா ஆக்டிவேஷன் எண்ணிக்கை முடிஞ்சுன்னு வந்துட்டு, வித்தவங்களுக்கு மெயில் எழுதி அவங்க ரீசெட் பண்ணிக் குடுக்க ஒன்பது நாள் ஆச்சு. டீஆக்டிவேட் பண்ற வசதி இருக்க பிளேனை எல்லாம் விண்டோஸ்லயே டீஆக்டிவேட் பண்ணிருங்க. சீரியல் நம்பரை நோட்டுல எழுதுங்க, எக்ஸ்-பிளேனோட ப்ராடக்ட் கீயையும் எழுதுங்க, ஜாய்ஸ்டிக்ல எந்த பட்டன் எதுக்குன்னும் எழுதிக்கிடுங்க.

அடுத்தது பேக்கப். வெளி ஹார்ட் டிஸ்க்ல முழு எக்ஸ்-பிளேன் ஃபோல்டரையும் காப்பி பண்ணுங்க. நம்ம ஊர்ல ரெண்டு மழையும் உண்டு, ஐப்பசி மாசம் சாயங்காலமானா இடி முழங்கி கரண்ட் போறது வழக்கம், 200 ஜிபி காப்பி ஆகிட்டிருக்கும்போது போச்சுன்னா பாதியில நிக்கும், அதனால காலையிலயே ஆரம்பிங்க, யுபிஎஸ் இருந்தா அதுல போடுங்க. முடிஞ்சதும் ரெண்டு பக்கமும் ஃபோல்டர்ல ரைட் க்ளிக் பண்ணி ப்ராப்பர்டீஸ்ல ஃபைல் எண்ணிக்கை ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கிடுங்க. பென் டிரைவ்ல கொண்டுபோறவங்க அது ஃபேட்32-வான்னு பாருங்க, அதுல 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைல் ஏறாது, பெரிய ஜிப் எல்லாம் அங்கேயே நின்னுரும்.

இன்னொண்ணு விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒண்ணு ஆன்ல இருக்கும், பவர் ஆப்ஷன்ஸ்ல போயி அதை ஆஃப் பண்ணிட்டு ஷட்டவுன் பண்ணுங்க. அது ஆன்ல இருந்தா விண்டோஸ் முழுசா மூடாம பாதித் தூக்கத்தில கெடக்கும், லினக்ஸ்ல போயி அந்த டிரைவைத் திறந்தா படிக்கத்தான் விடும், எழுத விடாது. சித்தி மவன் சிஸ்டத்தில டி டிரைவ் இப்படித்தான் நின்னுச்சு, டிரைவ் கேடாயிட்டுன்னு அவன் பயந்தே போயிட்டான்.

லினக்ஸ் போடுறதுக்குப் பெருசா சொல்ல ஒண்ணுமில்ல. 8 ஜிபி பென் டிரைவ்ல மின்டை ஏத்தி அதுல இருந்து பூட் பண்ணினா இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாக்கலாம், வைஃபை, சவுண்டு, ஜாய்ஸ்டிக் எல்லாம் தெரியுதான்னு அங்கேயே பாத்துட்டு அப்புறம் இன்ஸ்டால் பண்ணுங்க. என்விடியா கார்டு வச்சிருக்கவங்க இன்ஸ்டால் முடிஞ்ச உடனே டிரைவர் மேனேஜரைத் திறந்து ரெகமெண்டட்னு போட்டிருக்க டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, இதை விட்டுட்டு எக்ஸ்-பிளேனைத் திறந்தீங்கன்னா ஒண்ணு திறக்காது, இல்லன்னா படம் படமா நவுரும். ஏஎம்டி கார்டுன்னா டிரைவர் கூடவே வந்திரும்.

இப்போ எக்ஸ்-பிளேன். பழைய ஃபோல்டரை அப்படியே கொண்டாந்து வச்சு ஓட்டப் பாக்காதீங்க, அதுல இருக்கது விண்டோஸ் எக்ஸ்இ. லினக்ஸ் இன்ஸ்டாலரை இறக்கி, ரைட் க்ளிக், ப்ராப்பர்டீஸ், பெர்மிஷன்ஸ்ல எக்சிக்யூட் பண்ண விடுங்கற டிக்கைப் போட்டுத் திறங்க. ஹோம் ஃபோல்டருக்குள்ள புதுசா இன்ஸ்டால் பண்ணுங்க, பழைய என்டிஎஃப்எஸ் டிரைவ்ல வச்சு ஓட்டாண்டாம், லினக்ஸோட சொந்த எக்ஸ்ட்4 டிரைவ்ல இருக்கதுதான் பாதுகாப்பு. உலக மேப் வந்து எந்தப் பகுதி சீனரி வேணும்னு கேக்கும், நம்ம பகுதி கட்டத்தை மட்டும் எடுங்க. மீதியை பேக்கப்ல இருக்க குளோபல் சீனரி ஃபோல்டர்ல இருந்து காப்பி பண்ணிக்கிடலாம், அது எல்லா ஓஎஸ்-க்கும் ஒண்ணுதான், எத்தனையோ ஜிபி டவுன்லோடு மிச்சம். ஸ்டீம்ல வாங்கினவங்க லினக்ஸ்ல ஸ்டீம் போட்டு அதுலயே இன்ஸ்டால் பண்ணினாப் போதும்.

ஆட்-ஆன் ஒண்ணுமே போடாம முதல்ல திறங்க. அவசரம் வரும், எனக்கும் வந்துச்சு, பிடிச்ச பிளேனைப் போட்டுப் பாக்கணும்னு கை துறுதுறுங்கும். பைய. செஸ்னா 172-ஐ எடுத்து திருவனந்தபுரத்தில நிறுத்தி ஏர்போர்ட்டைச் சுத்தி ஒரு சர்க்யூட் அடிச்சு இறங்குங்க. இது சரியா ஓடினாத்தான் இதுக்கு அப்புறம் வர்ற எந்தக் கோளாறும் ஆட்-ஆனால வந்ததுன்னு தைரியமா சொல்ல முடியும்.

ஜாய்ஸ்டிக்கை இந்த நேரத்தில செட் பண்ணிருங்க. பழைய ப்ரெஃபரன்சஸ் ஃபோல்டரைக் காப்பி பண்ணாதீங்க, விண்டோஸ்ல ரெண்டாவது ஆக்சிஸா இருந்தது இங்க மூணாவதா வரலாம், த்ராட்டிலைத் தள்ளினா ரட்டர் திரும்பும். புதுசா காலிப்ரேட் பண்ணி, பட்டனை எல்லாம் நோட்டைப் பாத்து மறுபடி குடுங்க, பத்து நிமிஷ வேலை. அவுட்புட்ல இருந்து கொண்டுவர வேண்டியது லாக்புக்ஸ், எஃப்எம்எஸ் பிளான்ஸ் (சேவ் பண்ணி வச்ச பறக்கிற பாதை), ஸ்க்ரீன்ஷாட்ஸ் இந்த மூணும்தான். லாக்புக் வெறும் டெக்ஸ்ட் ஃபைல், அப்படியே எடுத்து வச்சாப் போதும், நீங்க பறந்த மணிக்கணக்கு எல்லாம் அதுல இருக்கும்.

அடுத்தது சீனரி. ஒண்ணாவது குவியலை கஸ்டம் சீனரிக்குள்ள கொண்டுவாங்க, ஆனா அங்க இருக்க, சீனரி வரிசையை எழுதி வச்சிருக்க சீனரி பேக்ஸ் ஐஎன்ஐ ஃபைலை மட்டும் கொண்டுவராண்டாம். ஆர்த்தோ எடத்தை அடைக்கும்னு நெறைய பேர் அதை டி டிரைவ்ல வச்சு கஸ்டம் சீனரியில ஷார்ட்கட் மட்டும் போட்டிருப்போம். லினக்ஸுக்கு டி டிரைவும் தெரியாது, விண்டோஸ் ஷார்ட்கட்டும் தெரியாது, அந்த ஐஎன்ஐல டி டிரைவ்னு எழுதியிருக்க வரியெல்லாம் வீண். இங்க அதுக்குப் பதிலா லிங்க், ஃபைல் மேனேஜர்ல கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டு ஆர்த்தோ ஃபோல்டரை இழுத்து கஸ்டம் சீனரிக்குள்ள விட்டா லிங்க் உண்டாயிரும். ஐஎன்ஐ இல்லாம எக்ஸ்-பிளேனைத் திறந்தா அதுவே புதுசா ஒண்ணு எழுதிக்கிடும், பேரை அகரவரிசையில அடுக்கும். மேல இருக்கது கீழ இருக்கத மறைக்கும்ங்கறதுதான் கணக்கு, ஏர்போர்ட் மேல, ரோடு, கட்டிடம், மரம் எல்லாம் உள்ள ஓவர்லே அதுக்குக் கீழ, ஆர்த்தோ எல்லாத்துக்கும் அடியில. ஆர்த்தோ செய்யுற ஆர்த்தோ4எக்ஸ்பி ப்ரோகிராம் போடுற ஃபோல்டர் பேர் இசட்லயும் ஓவர்லே வொய்லயும் ஆரம்பிக்கிறது இதுக்காகத்தான், அதை மாத்தாதீங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஆர்த்தோ கணக்கு ரொம்ப லேசு. ஒரு டைல் ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி. குமரி மாவட்டம் முழுக்க +08+077-ங்கற ஒரே டைல்ல அடங்கிரும், திருவனந்தபுரம் ஏர்போர்ட் +08+076-ல, தூத்துக்குடி ஏர்போர்ட் +08+078-ல. வேற மாநிலம் வேற நாடுன்னு இறக்கி வச்சிருக்கது எல்லாத்தையும் ஒரே நாள்ல கொண்டுவராண்டாம், முதல்ல இந்த ரெண்டு மூணு டைல் போதும். புதுசா டைல் செய்யணும்னாலும் ஆர்த்தோ4எக்ஸ்பி லினக்ஸ்லயும் ஓடும், ஜூம் லெவல் ஒண்ணு கூட்டினா படம் நாலு மடங்கு ஆவும்னு ஓர்மை வச்சுக்கிட்டு செய்யுங்க.

இனி பிளேனும் ப்ளகினும். நோட்டுல டிக் போட்டதுல இருந்து ஒண்ணை எடுங்க, போடுங்க, எக்ஸ்-பிளேனைத் திறங்க, பறங்க, மூடுங்க. அப்புறம் அடுத்தது. திறக்காம நின்னாலோ பிளேன்ல ஸ்க்ரீன் கறுப்பா கெடந்தாலோ எக்ஸ்-பிளேன் ஃபோல்டர்லயே இருக்க லாக் டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து கடைசி ஐம்பது வரியைப் படிங்க. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் அந்த ஃபைல் அழிஞ்சு புதுசா எழுதும், அதனால மறுபடி திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிடுங்க, யார்கிட்டயாவது உதவி கேக்கணும்னாலும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க. ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைலைத் திறக்க முடியலன்னு ஒரு வரி வந்தா அந்த ப்ளகினுக்கு வேண்டிய ஒரு லைப்ரரி (இது சீனரி லைப்ரரி இல்ல, லினக்ஸோட ப்ரோகிராம் ஃபைல்) உங்க லினக்ஸ்ல இல்லன்னு அர்த்தம், அதே வரியில பேர் இருக்கும், அந்தப் பேரை வச்சுத் தேடிப் போட்டுருங்க.

ஒரு ஃபைல் கிடைக்கலன்னு வருது, ஆனா கண்ணால பாத்தா ஃபைல் அங்கனதான் இருக்குன்னா, பேர்ல இருக்க எழுத்தைப் பாருங்க. இங்கிலீஷ் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் விண்டோஸுக்கு ஒண்ணு, லினக்ஸுக்கு வேற வேற. பழைய ஃப்ரீவேர்லயும் லுவா ஸ்க்ரிப்ட்லயும் இது நெறைய வரும். ஸ்க்ரிப்ட்ல சி டிரைவ்னு பாதை எழுதியிருந்தாலும் அது வேல செய்யாது, அந்த வரியை மாத்தணும். சித்தி மவன் தானா எழுதின ஒரு செக்லிஸ்ட் ஸ்க்ரிப்ட் இப்படித்தான் மக்கர் பண்ணுச்சு, ஒரே ஒரு எழுத்து, அரை நாள் போச்சு.

எல்லாம் ஏறினதும் டெஸ்டுக்கு நான் வச்சிருக்க பாதை ஒண்ணு உண்டு. திருவனந்தபுரத்தில ரன்வே 32-ல ஏறுங்க, இடது பக்கம் கடல் மேல திரும்பி கரையைப் பிடிச்சு தெக்க வாங்க, 2,000 அடி போதும். விழிஞ்ஞம் துறைமுகம் ஏறக்குறைய 77 டிகிரி கோட்டு மேலயே இருக்கு, அதாவது ரெண்டு டைலும் சேர்ற எடம் அதுதான், அங்கன தரையோட நிறம் சட்டுனு மாறினாலோ படம் மங்கினாலோ +08+077 சரியா ஏறலன்னு அர்த்தம், திரும்பிப் போயி லிங்க்கைப் பாருங்க. சரியா இருந்தா அப்படியே வரலாம், தேங்காப்பட்டணத்தில ஆறு கடல்ல சேர்றது தெரியும், அப்புறம் குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், மணக்குடி காயல். நேரா கணக்குப் பாத்தா கன்னியாகுமரி வரைக்கும் 45 நாட்டிகல் மைல்தான், 172-ல 25 நிமிஷம், கரையோட வளைஞ்சு வந்தா கொஞ்சம் கூட. ஆர்த்தோ தரையில விரிச்ச போட்டோதான், அதனால 133 அடி வள்ளுவர் சிலை எழும்பி நிக்காது, பாறை மேல தட்டையாத்தான் தெரியும், அதைப் பாத்து சீனரி கேடாயிட்டுன்னு நினைக்காதீங்க. திரும்பும்போது ஆரல்வாய்மொழி கணவாய் பக்கம் போயி மலையைப் பாருங்க, மலை சரிவுல படம் கிழிஞ்ச மாதிரி தெரிஞ்சா ஐஎன்ஐயைத் திறந்து சீனரி வரிசையை ஒருக்கா சரிபாருங்க.

இந்த முழுப் பறப்பும் க்ராஷ் இல்லாம முடிஞ்சா லாக்புக்கைத் திறந்து பழைய மணிக்கணக்குக்குக் கீழ இன்னைக்குப் பறந்தது சேந்திருக்கான்னு பாருங்க. சேந்திருந்தா பேக்கப் டிஸ்க்கை எடுத்து பேர் எழுதி அலமாரியில வையுங்க, ஒரு மாசத்துக்கு அதைத் தொடாண்டாம், அதுக்குள்ள எப்படியும் ஒரு லிவரியோ ஒரு சீனரியோ விட்டுப்போனது ஓர்மை வரும்.